பாய் கடையில் நான் பிடித்த இடம்

போன லீவில் என் அண்ணன் எங்களை எல்லாம் வேலூருக்கு சினிமா பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளைகள் படம். வீடியோ கேமைப் பற்றிய கார்ட்டூன். ஒரு குடும்பம் மொத்தமும் விளையாட்டுக்குள் இழுக்கப்பட்டு, சுவருக்குச் சுவர் தாவி, நெருப்பைத் தாண்டி, கடைசியில் நாய்க்குட்டியோடு வெளியே வருகிறது. படத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாய்க்குட்டி நன்றாக நடித்திருந்தது.

படம் தொடங்கும்போது ஒரு சத்தம் வந்தது. பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. பழைய வீடியோ கேம் பெட்டியில் சுவிட்சைப் போட்டால் டொய்ங் டொய்ங் என்று ஒன்று வருமே, அது. காதில் விழுந்த உடனே எனக்கு மூக்கில் வாசனை அடித்தது. சூடேறிய அடாப்டரின் வாசனை. வியர்வைக் கை பட்டுப் பட்டு வழுவழுத்துப்போன பிளாஸ்டிக்கின் வாசனை. சுற்றிலும் பாப்கார்ன் வெண்ணெய் மணக்கிற ஏசி தியேட்டரில் எனக்கு மட்டும் அடாப்டர் மணத்தது. சரி, கொஞ்ச நேரம் பழசை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று சாய்ந்தேன். உட்கார விட்டால்தானே.

பக்கத்தில் இருந்த என் மகள் கயலின் பக்கம் அண்ணன் குனிந்தான்.

"கயலு, இந்த மாதிரி கேம்லாம் மாமா ஒன் வயசுல ஒரே கையால ஆடுவேன். ஆரணில மாமாதான் சாம்பியன். பாய் கடையில என் போட்டோவ மாட்டி வெச்சிருந்தாங்க, தெரியுமா?"

"நெஜமாவா மாமா? செம!"

அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா, ஒனக்குத் தெரியுமா இது?" என்றாள்.

"தெரியும். படத்தப் பாரு" என்றேன்.

என் அண்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பெரிய கார். அண்ணி நல்லவள், வாய் அதிகம் பேசமாட்டாள், பேசினால் ஒரே வரிதான், அந்த வரி போதும். அவர்களுக்கு ஒரு மகன், ஆதவ். நான் ஆரணியிலேயே இருக்கிறேன். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருகிறேன். பின்னால் உட்கார்ந்து, "பிரேக்கு, பிரேக்கு, அடியே பிரேக்கு" என்று கத்துவதுதான் என் தொழில். அதனால் எனக்கு மெதுவாகப் பேச வராது. எழுத்திலும் வரவில்லை, பார்த்தீர்கள் அல்லவா.

என் மகளுக்கு நான் யார் என்றால், போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஆள். "ஒனக்கு இன்னாம்மா தெரியும் கேமப் பத்தி?" என்று தினம் ஒரு தடவையாவது கேட்பாள். நானும் பதில் சொல்லாமல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு இருட்டில் என் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். பெரிய வீரனைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வை எனக்கு வர வேண்டியது. என் பெண்ணின் கண்ணில் இருந்து, என் முன்னாலேயே, அவன் அதை எடுத்துக்கொண்டான். முன்பு எடுத்தது போதாது என்று.

முன்பு எடுத்தது என்ன என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பட்டு நூல் விற்கிற கடை ஒன்று இருந்தது. அதன் மாடியில் பாய் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மாடி என்றால் ஏணியைவிடக் கொஞ்சம் நல்ல படிக்கட்டு. மேலே போனால் ஓட்டுக்குக் கீழே வரிசையாக டிவிப் பெட்டிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெஞ்சு. வெயில் காலத்தில் உள்ளே போனால் இட்லிப் பானைக்குள் போனது மாதிரி இருக்கும். ஆனாலும் பையன்கள் வெளியே வரமாட்டார்கள். பாய் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "ஜல்தி ஜல்தி, அடுத்தவன் நிக்கிறான் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் மட்டும் எழுந்து வருவார். வந்தாலும் அடிக்கமாட்டார். டிவியை அணைத்துவிடுவார். அது அடியைவிட மோசம்.

கேம் கேசட் ஓடவில்லை என்றால் எடுத்து வாயால் ஊத வேண்டும். எல்லோரும் ஊதுவார்கள். ஏன் ஊதுகிறோம், உள்ளே என்ன போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் ஊதினால் கண்டிப்பாக ஓடும் என்று பாய்க்கு ஒரு நம்பிக்கை. "பேட்டி, இங்க வா, ஒரு ஊது ஊது" என்று கூப்பிடுவார். பேட்டி என்றால் அவர் பாஷையில் மகள். ஊரில் குழந்தைக்கு மந்திரித்து ஊதுகிறவர்கள் உண்டு, நான் கேசட்டுக்கு ஊதினேன். எனக்கு அதில் பெருமை வேறு. ஊதிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போலத் தள்ளி நிற்பேன்.

பெண் பிள்ளை அங்கே எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். என் அண்ணன் அனுப்பித்தான் போனேன். இடம் பிடிக்க.

ரேஷன் கடையில் பை வைத்து இடம் பிடிக்கலாம். பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிக்கலாம். பாய் கடையில் அது நடக்காது. அங்கே ஒரே சட்டம்தான். இரண்டு பேர் ஆடுவார்கள், தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவன் அப்படியே உட்கார்ந்திருக்கலாம், அடுத்தவன் வந்து அவனோடு ஆடுவான். ஆக, அந்தக் கடையில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றால் அண்ணன் வரும்வரை ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அவன் கமண்டல நதி மணலில் கிரிக்கெட் ஆடிவிட்டு, சாவகாசமாக வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, நாஷ்டா தின்றுவிட்டு வருவான். அதுவரை நான் ஒவ்வொருவனாக அடித்து எழுப்பி அனுப்பிக்கொண்டிருப்பேன். அவன் வந்து என் தோளில் தட்டுவான். நான் எழுந்துகொள்வேன். அவன் உட்காருவான். அடுத்த ஆட்டத்திலேயே தோற்பான். தோற்றுவிட்டு என்னைத் திட்டுவான்.

"ரிமோட்ட ஈரம் பண்ணி வெச்சிருக்கடீ. பட்டனு வழுக்குது."

நானும் அடுத்த நாளில் இருந்து கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து ஆடினேன். அவ்வளவு மக்கு நான். இப்போது நினைத்தால் என்னையே ஓர் அறை விட வேண்டும்போல இருக்கிறது.

அமாவாசைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. மற்ற நாளில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு டக்கு டக்கு என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு மட்டும் ஊரே காது அடைத்ததுபோல இருக்கும். பெரியவர்கள் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். நூல் சுற்றுகிற வேலை இல்லாததால் பிள்ளைகளுக்கும் விடுதலை. அதனால் பாய் கடையில் அமாவாசைக்குத்தான் கூட்டம். பாய் முஸ்லிம், ஆனால் எங்கள் ஊர்க் காலண்டரில் அமாவாசை எப்போது வருகிறது என்று அவரைக் கேட்டால் போதும், உடனே சொல்வார்.

ஒரு கோடையில் பாய் போட்டி வைத்தார். அமாவாசை அன்று. இரண்டு வீரர்கள் சண்டை போடுகிற கேம். மூன்று ரவுண்டில் இரண்டு ஜெயிக்க வேண்டும். பரிசு, கையிலேயே வைத்து ஆடுகிற சின்ன வீடியோ கேம் ஒன்று. மேலிருந்து கட்டம் கட்டமாக விழுமே, நாம் அடுக்கிக்கொண்டே போக வேண்டுமே, அது. பாய் அதைக் கண்ணாடித் தாளோடு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நான் ஒரு வாரம் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே கேசட் ஊதினேன்.

அண்ணன் பெயர் கொடுத்தான். காலையில் போட்டி ஆரம்பிக்கும்போது அவன் வழக்கம்போல ஆற்றில் இருந்தான். "நீ போயி ஒக்காரு, நான் வந்துர்றேன்" என்று என்னை அனுப்பினான். பாய் அவன் பெயரைக் கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்தேன். பையன்கள் கத்தினார்கள்.

"பாய், இன்னா பாய், பொண்ண வுடறீங்க?"

"ஏன், பயமா?" என்றார் பாய். "அவ அண்ணனுக்காக ஒக்காந்துகினு இருக்கா. அவன் வர்ற வரைக்கும்தான்."

அவன் வரவில்லை. நான் ஜெயித்தேன். மறுபடி பெயர் கூப்பிட்டார்கள். மறுபடி நான் போனேன், ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்று கேட்காதீர்கள், கட்டைவிரலுக்குத்தான் தெரியும். மதியத்துக்குள் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். எதிரில் களம்பூர்ப் பையன் ஒருவன். ரைஸ் மில்லில் லாரி ஓட்டுகிறவர் மகன். தலைமுடி எல்லாம் தவிடு. நல்ல ஆட்டக்காரன், நல்ல பையன். நீ ஆடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடனே நீங்கள் அவனைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை. என் வீட்டுக்காரர் கண்ணமங்கலம். வீடியோ கேம் என்றால் அவருக்குத் தலை சுற்றும்.

முதல் ரவுண்டு ஜெயித்தேன். அப்போதுதான் தோளில் தட்டு விழுந்தது. அண்ணன்.

"எழுந்திரு."

நான் திரும்பவில்லை.

"எழுந்திருடீ. ஃபைனலு. நான் ஆடறேன்."

"மாட்டேன்" என்றேன்.

நான் அந்த வார்த்தையை அதற்கு முன் அவனிடம் சொன்னதே இல்லை. சொன்னதும் வாய் இனித்தது. இன்னொரு தடவை சொன்னேன். "மாட்டேன். நான்தான் ஜெயிச்சேன். நானே ஆடறேன்."

பையன்கள் ஓஓ என்று கத்தினார்கள். எனக்காக இல்லை, அவனைக் கிண்டல் செய்ய. "டேய், தங்கச்சி ஒன்ன வெளில தொரத்துதுடா!" அண்ணன் முகம் செத்துப்போனது. படியிறங்கிப் போய்விட்டான். போய்விட்டான் என்று நினைத்தேன்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் தப்பித்திருப்பேன். என் அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்துவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் பாவு நூலைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனால் அது அமாவாசை. அப்பா வெள்ளை வேட்டியோடு கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் போய் என்ன சொன்னான் என்பதை அம்மா பின்னால் எனக்குச் சொன்னாள். "அவ ஆம்பளப் பசங்களோட ஒட்டிகினு ஒக்காந்துகினு கூத்தடிச்சிகினு இருக்கா. கடையே சிரிக்கிது." அவ்வளவுதான். இடம் பிடிக்க என்னை அனுப்பியவன் அவன்தான் என்பதைச் சொல்லவில்லை.

இரண்டாவது ரவுண்டு பாதி போய்க்கொண்டிருந்தது. என் ஆளுக்கு உயிர் நிறைய இருந்தது, களம்பூரானுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. என் சடை பின்னால் இழுபட்டது. பெஞ்சோடு சேர்ந்து விழுந்தேன். அப்பா அடித்தார். கடை நடுவில், அத்தனை பையன்கள் முன்னால், பாவாடை விலகியதைக்கூடச் சரிசெய்ய விடாமல் அடித்தார். பாய் ஓடிவந்து, "அய்யய்யோ, இன்னா இது, வுடுங்க, கொழந்தைங்க" என்று குறுக்கே கையை நீட்டினார். அப்பா அவரையும் தள்ளிவிட்டு என்னைப் படியில் இழுத்துக்கொண்டு இறங்கினார்.

படியில் இறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். களம்பூர்ப் பையன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. விழுந்த என் பெஞ்சை நிமிர்த்திப் போட்டு என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். டிவியில் என் ஆள் மறுபடி அசைந்தான். பாக்கி இருந்த கொஞ்ச உயிரை, ஆட ஆள் இல்லாமல் சும்மா நின்ற எதிராளியிடம் இருந்து, என் அண்ணன் பட்டனை அமுக்கி எடுத்தான்.

இப்படித்தான் அவன் ஆரணி சாம்பியன் ஆனான்.

பாய்க்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பெயர் கொடுத்தது அவன். கூப்பிட்டது அவன் பெயரை. பாயும் என்ன செய்வார், பஞ்சாயத்தா வைப்பார். கொடுத்துவிட்டார். போட்டோவும் எடுத்து மாட்டிவிட்டார். அந்தப் பரிசை அண்ணன் ஒரு தடவைகூட என் கையில் தந்ததில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தத்தை வைத்து ஆடுவான். கட்டம் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே நான் நூல் சுற்றினேன். அதற்குப் பிறகு எனக்குக் கடைத்தெருவே கிடையாது. உப்பு வாங்கக்கூட அவன்தான் போவான். வயதுக்கு வந்தபின் அதுவே பழக்கமாகிவிட்டது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் நான் மறுபடி தனியாக வெளியே போனேன் என்று சொன்னால் என்னிடம் கற்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் ஏன் அப்படிக் கத்துகிறேன் என்று அவர்களுக்கு இப்போது புரியும்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? அந்தக் கதையில் நான் அடி வாங்குகிறேன். ஜெயித்தேன் என்று சொல்ல வேண்டும் என்றால், சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவனுக்கு அது தெரியும். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்கிற தைரியத்தில்தான் அவன் ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு போனது. கடைசியாகக் கேட்டபோது வேலூரில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவனிடம் தோற்றிருந்தார்கள்.

தியேட்டருக்குத் திரும்புவோம். படம் முடிந்து வெளியே வந்தால், அங்கே பிள்ளைகள் விளையாடுகிற இடம் ஒன்று. படத்துக்காகப் பழைய காலத்து மெஷின் ஒன்றையும் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் நின்று ஆடுகிற சண்டை கேம். பணம் ஏற்றிய ஒரு கார்டைத் தேய்த்தால் ஓடும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால்தான் தொடங்கும். ஆதவ் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, நீங்க சாம்பியன்தான, ஆடிக் காட்டுங்க."

"யாரு என்கூட ஆடறது? மாப்ள, வர்றீங்களா?"

என் வீட்டுக்காரர், "எனக்கு தல சுத்தும் மச்சான்" என்று நாற்காலி தேடிப் போய்விட்டார்.

"நான் வரேன்" என்றேன்.

கயல் என் புடவையை இழுத்தாள். "அம்மா, மானத்த வாங்காத. கம்முனு இரும்மா."

நான் போய் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் ரவுண்டில் கேவலமாகத் தோற்றேன். கை எங்கே, பட்டன் எங்கே என்றே தெரியவில்லை. என் ஆள் சுவரைப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். சிரித்துவிட்டு, என் தோளில் தட்டினான்.

"இதெல்லாம் ஒனக்கு வராதும்மா. நீ போயி பசங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கியா."

அவன் தட்டாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேனோ என்னவோ.

"ஆதவ்" என்றேன். "ஒங்கப்பா சாம்பியனான கத தெரியும்ல? நான் சொல்றேன் கேளு." சொன்னேன். அங்கேயே, ஐஸ்கிரீம் வரிசைக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஒரே குரலில், அதாவது ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து கத்துகிற குரலில் சொன்னேன். இடம் பிடித்தது, ஜெயித்தது, மாட்டேன் என்றது, அப்பா, சடை, படிக்கட்டு, ஆள் இல்லாமல் நின்ற எதிராளி. எதையும் விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முன்னால் பார்த்தவர்களைவிட இவர்கள் நல்ல உடை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏய், இன்னாடீ இது, சின்ன வயசுல ஏதோ..." என்றான் அண்ணன். "எல்லாரும் பாக்கறாங்க. பேஜார் பண்ணாத."

அண்ணி அவனையே பார்த்தாள். "ஏங்க, பொண்ணு பாக்க வந்தப்போ கூட இந்தக் கதையச் சொன்னீங்களே. அதுல தங்கச்சியே இல்லையே."

அவன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் எனக்குத் தேவையான ஆள் அவன் அல்ல. நான் கயலைப் பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ நெஜமா ஜெயிச்சியா, இல்ல இப்பத் தோத்துட்ட கடுப்புல சொல்றியா?"

என் மகள்தான். வேறு யார் இப்படிக் கேட்பார்கள். பன்னிரண்டு வயதில் நான் இருந்த மாதிரி மக்காக இல்லை என்று ஒரு பக்கம் சந்தோஷம்கூட வந்தது. மறுபக்கம் பயம். அடி வாங்கியதை எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. இப்போது இவள் நம்பவில்லை என்றால், சொன்னதற்குப் பதில் அந்தப் படிக்கட்டிலேயே இருந்திருக்கலாம்.

"ரெண்டாவது ரவுண்டு இருக்கு" என்றேன். "ண்ணா, நில்லு."

கையைப் புடவையில் துடைத்தேன். இந்தத் தடவை பட்டனைப் பார்க்கவே இல்லை. எதிராளியை மட்டும் பார்த்தேன். பாய் கடையில் அப்படித்தான் ஆடுவேன். தாவினால் கீழே போ, கீழே வந்தால் பின்னால் போ, அவன் அவசரப்படும்வரை பொறுத்துக்கொள். என் அண்ணன் எப்போதும் அவசரப்படுவான். அன்றைக்கும் அவசரப்பட்டான். அடித்தேன். மூன்றாவது ரவுண்டையும் அடித்தேன்.

"சரி, சரி, நீதான் சாம்பியன், போதுமா" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தான்.

"போதாது. கார்டத் தேயி."

"பசங்க ஆடணும்டீ..."

"பசங்க அப்புறம் ஆடுவாங்க. தேயி."

தேய்த்தான். அந்த கார்டு தீரும்வரை நான் அவனை விடவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் அடித்தேன். ஒன்றில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவனுக்கு நெற்றி வியர்த்தது, சட்டை முதுகில் ஒட்டியது. சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியாது. ஆதவ் முதலில் அப்பா பக்கம் நின்று கத்தினான், பிறகு கத்தாமல் நின்றான், பிறகு மெதுவாக நகர்ந்து என் பக்கம் வந்துவிட்டான். குழந்தை, அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் நகர்ந்த அந்த இரண்டடி இருக்கிறதே, அதற்காக நான் இத்தனை வருடம் காத்திருந்ததுபோல இருந்தது. பெரிய மனசோடு ஒரு ஆட்டமாவது தோற்றிருக்கலாம் என்று பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். பெரிய மனசு உள்ளவர்கள் செய்துகொள்ளட்டும்.

திரும்பும்போதும் எல்லோரும் அண்ணன் காரில்தான் வந்தோம். கண்ணமங்கலம் வந்ததும் என் வீட்டுக்காரர், அவர் ஊர் ஆயிற்றே, "மச்சான், இங்க டீ நல்லா இருக்கும்" என்றார். "வேணாம் மாப்ள" என்று அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். பின் சீட்டில் கயல் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒன் கட்டவெரலு செவந்துபோச்சு."

"ஆமா."

"தாத்தா நெஜமா அடிச்சாரா?"

"அடிச்சாரு."

"மாமா பாத்துகினு இருந்தாரா?"

"இல்ல" என்றேன். "ஆடிகினு இருந்தாரு."

முன் சீட்டில் யாரும் திரும்பவில்லை. கயல் ஆரணி வரும்வரை என் விரலை விடவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் எனக்கு போன் செய்வதில்லை. அம்மாவுக்குச் செய்கிறான். அம்மா வந்து என்னிடம் புலம்புவாள். "புள்ளைங்க முன்னாடி அப்படிப் பண்ணிட்டியேடீ. அவன் மனசு ஒடைஞ்சிட்டான். இன்னும் ஒனக்கு ஆறலியா?" ஆறவில்லை என்று சொன்னேன். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னும் என்ன என்றாள். அப்பா இருந்திருந்தால் அவரையும் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன் என்றேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அங்கே ஆதவ் அவன் அப்பாவிடம் கேட்டானாம், "அந்த பாய் கட எங்க இருந்துச்சு, கூட்டிகினு போயி காட்டுங்க" என்று. அண்ணன், "எந்தக் கட? எனக்கு ஞாபகமில்லடா" என்று சொல்லிவிட்டானாம். பக்கத்தில் இருந்த சித்தப்பா மகன் ஒருவன், "ஆரணில வீடியோ கேம் கடையா, நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றானாம். அண்ணன், "அதான, எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றானாம். அண்ணிதான் எனக்கு இதைச் சொன்னாள். நான் சிரித்தேன். நன்றாக வேண்டும் என்று சொன்னேன்.

மறுநாள் கற்க வந்த ஒருத்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, நான் எப்போதும் தவிர்க்கிற அந்தத் தெருவழியாகப் போக வேண்டி வந்தது. நூல் கடை இருந்த கட்டடத்தையே எடுத்துவிட்டு, கண்ணாடி போட்ட பட்டுப் புடவை ஷோரூம் கட்டியிருக்கிறார்கள். பாய் எப்போதோ ஆம்பூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனார், பிறகு இறந்துவிட்டார் என்று கேள்வி. களம்பூர்ப் பையனின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அவன் எங்கே இருக்கிறானோ. பக்கத்தில் டீக்கடையில் நின்ற ஒருவரிடம், இங்கே மாடியில் ஒரு கடை இருந்ததே என்று கேட்டேன். என்ன கடை என்றார். சொன்னேன். தெரியாதே என்றார்.

கூட வந்த பெண் பொறுமை இல்லாமல் ஹாரன் அடித்தாள். ஓட்டுடீ என்று ஏறி உட்கார்ந்தேன்.

இத்தனை வருடம் அந்தக் கடையைப் பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தவன் என் அண்ணன் ஒருவன்தான். பொய்தான் சொன்னான். ஆனால் அந்தப் பொய்யில் பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், டிவிகள் வரிசையாக இருந்தன, அமாவாசைக்குக் கூட்டம் வந்தது. நான் அவன் வாயை அடைத்ததும் அதுவும் நின்றுவிட்டது. நான் அவனிடம் இருந்து எடுக்க நினைத்தது ஒன்றைத்தான். கையோடு மற்றதும் வந்துவிட்டது.

இதில் எனக்கு வருத்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் சொல்லமாட்டேன்.